தூங்குவதற்கு ஒரு நல்ல நாள்

கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. ‘சரியாகத் தூக்கமே இல்லை’ என்று கொட்டாவி விட்டபடி ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்களே, அதில் சேராது இது. அடியோடு போய்விட்டது. கட்டிலில் படுப்பாள், கண்ணை மூடுவாள். மூடிய இமைக்குள்ளே கருவிழி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும். விடிந்ததும் எழுந்துகொள்வாள். இதைத்தான் அவர்கள் வீட்டில் இரவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரயில்வே கேட் கீப்பர். ஸ்டேஷனிலிருந்து போன் வரும், வண்டி கிளம்பிவிட்டது என்பார்கள். அவள் எழுந்துபோய் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி கேட்டை இறக்குவாள். வண்டி போனதும் ஏற்றுவாள். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இதில் ஒரு பிசகும் வந்ததில்லை. ஒரு மத்தியானம், போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்கு ஒரு கணம் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது வண்டியின் ஊதல் காதைக் கிழித்தது. கேட் திறந்து கிடந்தது. தண்டவாளத்தின் நடுவே சைக்கிளோடு ஒரு மனிதர் நின்றிருந்தார்.

அவர் சைக்கிளை விட்டுவிட்டுப் பாய்ந்தார். சைக்கிள் போயிற்று, ஆள் பிழைத்தார். பிழைத்தவர் அவளைத் திட்டவில்லை. கேட் அறைக்குள் வந்து அவளுடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது இவள் அழுது தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பாள் என்று கண்ணாடிக்காரர் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டார்.

ரயில்வேயில் ஒரு மெமோவைக் கையில் கொடுத்து அவளை விடுப்பில் அனுப்பினார்கள். வீட்டில் விசில் சத்தம் எது கேட்டாலும் எழுந்துவிடுவாள். டீக்கு வைத்த கெட்டில் ஊதினால் போதும், அவள் கை தானாகக் காற்றில் சக்கரம் சுற்றும். சுற்றி முடித்து, “கேட் போட்டாச்சு” என்பாள். வீட்டின் முன்னறைதான் கண்ணாடிக் கடை. கண்ணாடி வெட்டும்போது எழும் கிரீச் சத்தம் அவளைத் தூக்கிவாரிப் போடுகிறது என்று, அவர் வேலையைத் தெருக்கோடியில் ஒரு தச்சரின் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் கண் மூடியது, ஆனால் கால் நிற்கவில்லை. மூடிய கண்ணோடு நேராக கேட்டுக்கே நடந்துபோய்விட்டாள். அங்கே இவளுக்குப் பதில் வேலை பார்த்தவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரரைத் தனியே கூப்பிட்டார். “உடம்பு இப்படியே ரொம்ப நாள் தாங்காது. இதயம் களைச்சுப் போச்சு. எப்படியாவது தூங்க வையுங்க.”

எப்படியாவது என்று டாக்டரே சொன்ன பிறகுதான் அவர் முணுமுணு அக்காவிடம் போனார்.

முணுமுணு அக்கா தையற்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தவர். மந்திரம் சொல்வது தொழில். உதடு மட்டும் அசையும், சத்தம் வெளியே வராது. அதனால் அந்தப் பெயர். குழந்தைகள் பயந்தால், காய்ச்சல் விடாமல் அடித்தால், பிரிந்த தம்பதி சேர வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அக்கா தலையாட்டினார்.

“தூக்கத்துக்குத்தானே. சின்ன மந்திரம். ஒரு டம்ளர் வெந்நீர் ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“அப்ப இப்பவே வாங்கக்கா.”

“வர்றேன். நாள் வாங்கிட்டு வாங்க.”

கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை. அக்கா சுவரைக் காட்டினார். அங்கே சட்டம் போட்டு லைசென்ஸ் ஒன்று தொங்கியது. மந்திர நாள் நிர்ணய வாரியம் கொடுத்தது. முன்பெல்லாம் மந்திரம் சொல்கிறவரே வானத்தைப் பார்த்து நாளைச் சொல்லிவிடுவார். ஒன்றை வரவழைக்க வளர்பிறை, ஒன்றை விரட்ட தேய்பிறை. அவ்வளவுதான் விஷயம். ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒருவர் வெள்ளிக்கிழமை என்றும், மருமகளுக்கு இன்னொருவர் செவ்வாய்க்கிழமை என்றும் நாள் குறித்து, இரண்டு மந்திரமும் முட்டிக்கொண்டு ஏதோ ரகளையாகிவிட்டதாம். அதற்குப் பிறகு வாரியம் அமைத்துவிட்டார்கள். வாரியம் கொடுக்கும் நாளில் அல்லாமல் வேறு நாளில் உதடு அசைந்தால் லைசென்ஸ் ரத்து.

“நாளைக்கே வாங்கிட்டு வந்துடறேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

வாரியத்தின் கட்டடம் பெரியது. உள்ளே எங்கு பார்த்தாலும் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேதி. விசாரணை மேஜையில் இருந்த குமாஸ்தாவிடம் கேட்டால், தாளைக் கிழிக்கும் அதிகாரம் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருக்குத்தான் உண்டு, அவர் லீவில் போனால் அந்தப் பிரிவில் நாள் நகராது என்றார். குமாஸ்தா மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தூங்கி வெகுகாலம் ஆனவர் போன்ற முகம் அவருக்கும் இருந்தது.

“மனு கொடுக்க வந்திருக்கேன் சார்.”

“இன்னைக்கு மனு வாங்க நல்ல நாள் இல்ல. அடுத்த வாரம் வாங்க.”

“மனு வாங்கறதுக்குமா நாள் பாக்கணும்?”

“நாங்களே நாள் பாக்காம வேலை செஞ்சா, மத்தவங்கள நாள் பாருங்கன்னு எந்த முகத்தோட சொல்றது?” என்றார் குமாஸ்தா. அவர் கேலி செய்யவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கண்ணாடிக்காரர் போய்ப் போய் வந்தார். ஒருவழியாக மனு வாங்க நல்ல நாள் வந்தது. அன்றைக்கு குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு, “வளர்பிறையா, தேய்பிறையா?” என்று கேட்டார்.

“அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே சொல்லணும்.”

“வரவழைக்கற மந்திரமா, விரட்டற மந்திரமா?”

“தூக்கம் வரணும் சார்.”

“வரவழைக்கறது. வளர்பிறைப் பிரிவு. மாடியில வலது பக்கம்.”

வளர்பிறைப் பிரிவு விசாலமாக இருந்தது. அங்கே எல்லாம் வளரவேண்டும் என்பது கொள்கை போலும். மேஜைகள், அலமாரிகள், ஆட்கள் என்று ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே வந்து, இப்போது உள்ளே நுழைய ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. பிரிவு அதிகாரி பருமனானவர், சிரித்த முகம்.

“தூக்கம் வரணும், சரி. புதுசா வரணுமா? இல்ல, போன தூக்கம் திரும்பி வரணுமா?”

“முன்னாடி நல்லா தூங்குவா சார். இப்ப போயிடுச்சு.”

அதிகாரியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “அப்ப அது வரவழைக்கறது இல்லையே. தொலைஞ்சு போனதைக் கண்டுபிடிக்கறதுல்ல? அதுக்குப் புதன்கிழமை. ஆனா எங்க தொலைஞ்சதுன்னு அத்தாட்சி வேணும். கடைசியா தூக்கத்தை எங்க பாத்தீங்க?”

கண்ணாடிக்காரர் யோசித்தார். கேட்பவர் அதிகாரி. ஏதாவது பதில் சொல்லத்தான் வேண்டும். “ரயில்வே கேட்டுல” என்றார்.

“அப்ப அது ரயில்வே எல்லை. அவங்க கிட்டருந்து தூக்கம் எங்ககிட்ட இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க.”

ரயில்வேயில் இருந்தவர்கள் நல்லவர்கள். வேலையில் தூங்கிப் பிடிபட்ட பலரைப் பார்த்தவர்கள். எங்களிடம் தூக்கம் எதுவும் பாக்கி இல்லை என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் வளர்பிறை அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, “தொலைஞ்ச இடத்துல இல்லன்னா தொலையவே இல்லன்னு அர்த்தம். உங்க வீட்டுலயேதான் இருக்கு, எதுவோ மறைச்சுக்கிட்டு நிக்குது. மறைக்கறதை விரட்டணும். விரட்டறது தேய்பிறை. மாடியில இடது பக்கம்” என்றார்.

இரண்டு பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. இரண்டு அதிகாரிகளும் ஒருவரோடொருவர் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. கண்ணாடிக்காரர் மாடியிறங்கி, கட்டடத்தைச் சுற்றி, மறுபடி மாடியேறினார்.

தேய்பிறைப் பிரிவில் நாற்காலி குறைவு. போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லை, இருக்கும் மின்விசிறியும் அடுத்த மாதம் போய்விடும் என்று ஒல்லியான அதிகாரி முதல் வேலையாகக் குறைப்பட்டுக்கொண்டார். அவர் நின்றுகொண்டே மனுவைப் படித்தார்.

“தூக்கம் வரணும்னு எழுதியிருக்கீங்க. தப்பு. விழிப்பு போகணும்னு எழுதுங்க. விழிப்பை விரட்டினா தூக்கம் தானா வந்து உக்காரும்.”

கண்ணாடிக்காரருக்கு முதன்முறையாக நம்பிக்கை வந்தது. “அதேதான் சார். அதுக்கு நாள் குடுங்க.”

“குடுத்துடலாம். ஆனா யாரை விரட்டறமோ அவங்க தரப்பையும் கேக்கணும். கேக்காம விரட்டினா நாளைக்கு கோர்ட்டுல நிக்காது. விழிப்புக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பறோம். ஆட்சேபணை இல்லன்னா உடனே நாள்.”

“விழிப்புக்கா சார்?”

“உங்க விலாசத்துக்குத்தான். அங்கதானே இருக்கு?”

அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. சிரிக்காமல் போய்விட்டால் தாங்க முடியாது என்று பயமாகவும் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம் கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. கையில் இருந்த காய்கறிக் கத்தியை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக அதை வாங்கி வைத்தார்.

“என்னங்க.”

“சொல்லும்மா.”

“எனக்குத் தூக்கம் வராம இல்லைங்க. வருது. கிட்ட வந்துடுது. நான்தான் விடறதில்ல.”

“ஏன்?”

“நான் தூங்கினா யாராவது செத்துடுவாங்கன்னு இருக்கு. யாராவது ஒருத்தர் முழிச்சிட்டு இருக்கணும்ல?”

கண்ணாடிக்காரர் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியை அளந்து வெட்டியவர். எங்கே கீறினால் எங்கே உடையும் என்று அறிந்த மனிதர். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் அதைக்கூட ஏதோ அபாய அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நோட்டீஸ் வந்தபோது அவர் கொட்டகையில் இருந்தார். திரும்பி வந்தபோது உறை பிரித்துக் கிடந்தது. ‘பெறுநர்: விழிப்பு’ என்று தெளிவாக எழுதி, கீழே அவர்கள் வீட்டு விலாசம். உங்களை மேற்படி விலாசத்திலிருந்து ஏன் வெளியேற்றக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும் என்று வாரியம் கேட்டிருந்தது.

“தபால்காரர் கையெழுத்து கேட்டார். போட்டுட்டேன்” என்றாள் மனைவி.

“இது உனக்கு வந்தது இல்லையே.”

“வேற யாருங்க இங்க முழிச்சிட்டு இருக்கா?”

அந்தக் கையெழுத்து வினையாகிவிட்டது. தேய்பிறை அதிகாரி தலையில் கைவைத்தார். விழிப்பு நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாக ஆகிவிட்டது. பெற்றுக்கொண்டதால் அது அந்த விலாசத்தில் முறைப்படி வசிப்பதாகவும் ஆகிவிட்டது. முறைப்படி வசிப்பவரை விசாரிக்காமல் விரட்ட முடியாது. இதற்குள் விஷயம் மூடிய கதவுக்கு அந்தப் பக்கமும் கசிந்து, இது எங்கள் மனு, தேய்பிறைக்காரர்கள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று வளர்பிறை அதிகாரி தலைவருக்கு எழுதிவிட்டார். ஆக, தலைவர் முன்னிலையில் நேரடி விசாரணை, விழிப்பை ஆஜர்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதற்கிடையில் மனைவிக்கு ஒருநாள் மயக்கம் வந்து அடுக்களையில் சாய்ந்துவிட்டாள். மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, “நான் தூங்கிட்டேனா?” என்பதுதான். இல்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கண்ணாடிக்காரர் விழுந்தடித்துக்கொண்டு முணுமுணு அக்காவிடம் ஓடினார். “அக்கா, யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை. உதடு அசையறது கூடத் தெரியாம துண்டால மூடிக்கலாம்.”

அக்கா, தன்னோடு மந்திரம் கற்றுக்கொண்ட ஒருவர் பல்வலிக்காரர் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நாள் பார்க்காமல் சொல்லிவிட்ட கதையைச் சொன்னார். பல்வலி போனது. லைசென்ஸும் போனது. அந்த ஆள் இப்போது பஸ் நிலையத்தில் சாமான் தூக்குகிறார். பல்வலி தீர்ந்தவர்தான் வாரியத்தில் சாட்சி சொன்னார்.

“நான் சாட்சி சொல்ல மாட்டேன்க்கா.”

“நீங்க சொல்ல மாட்டீங்க, தெரியும். அது மட்டும் இல்ல தம்பி.” அக்கா தன் கைகளைப் பார்த்தபடி பேசினார். “முன்னாடி வானத்தைப் பாத்தா எனக்கே தெரியும், இன்னைக்குச் சொன்னா பலிக்கும்னு. இப்ப பாத்தா நிலா மட்டும்தான் தெரியுது. அவங்க சொல்லாம எனக்கே நம்பிக்கை வர மாட்டேங்குது. நம்பிக்கை இல்லாம சொன்னா அது வெறும் உதடு.”

விசாரணைக்கு நிலவே இல்லாத நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றைக்கு வளர்பிறையும் கிடையாது, தேய்பிறையும் கிடையாது, எந்த மந்திரத்துக்கும் ஆகாத நாள் என்பதால் வாரியத்துக்கு வேறு வேலை இல்லை. நீண்ட கூடம். மேடையில் தலைவர், அவருக்கு வலப்பக்கம் பருத்த அதிகாரி, இடப்பக்கம் ஒல்லியான அதிகாரி. கீழே பெஞ்சில் கண்ணாடிக்காரரும் மனைவியும். அவளுக்கு நடக்கவே முடியவில்லை. கைத்தாங்கலாகத்தான் கூட்டிவந்திருந்தார். பின்வரிசையில், மந்திரம் சொல்லப்போகிறவர் என்ற முறையில் முணுமுணு அக்கா. குமாஸ்தா நடப்பதைக் குறித்துக்கொள்ள ஒரு ஓரமாக.

முதலில் அதிகாரிகள் வாதாடினார்கள். தூக்கம் என்பது ஒரு வரவு என்றார் பருத்தவர். விழிப்பு என்பது ஒரு செலவு என்றார் ஒல்லியானவர். “கண்ணை மூடுவது ஒரு செயல், ஆகவே வளர்பிறை.” “கண்ணைத் திறக்காமல் இருப்பது செயலின்மை, ஆகவே தேய்பிறை.” ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் தலைவரைப் பார்த்தே பேசினார்கள். அவள் இடையில் ஒருமுறை, “எனக்குக் கொஞ்சம் தண்ணி” என்றாள். விழிப்பு தன் தரப்பை இப்போது சொல்லவேண்டியதில்லை, கேட்கும்போது சொன்னால் போதும் என்று அவளை அமர்த்திவிட்டார்கள். குமாஸ்தாதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு தலைவர் எழுந்தார். கனத்த, இழுத்து இழுத்துப் பேசும் குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒருவர் வெளியே போய்விட்டு வரலாம்.

“இந்த வாரியம் வருவதற்கு முன்னால் மக்கள் எப்படி இருந்தார்கள்? வலி வந்தால் உடனே மந்திரம். குழந்தை அழுதால் உடனே மந்திரம். துன்பம் வந்த நாளே அதைத் தீர்க்கும் நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஒழுங்கு உண்டா? இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. வாரியம் அமைந்த பிறகு தவறான நாளில் மந்திரம் சொல்வது அறவே ஒழிந்துவிட்டது. சரியான நாளிலும் எதுவும் சொல்லப்படவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் பாதி வெற்றியைப் பாராட்டத் தெரியாதவர்கள்.”

அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

“ஒரு நாள் நல்ல நாள் என்று எப்போது தெரியும்? அது முடிந்த பிறகுதான் தெரியும். முடியாத நாளை நல்ல நாள் என்று சொல்லி, அது கெட்டுப்போனால் யார் பொறுப்பு? ஆகவே நாங்கள் காத்திருக்கிறோம். காத்திருக்கும்போது பலருக்கு நோய் தானாகவே தீர்ந்துவிடுகிறது. சிலருக்கு நோயோடு மற்ற எல்லாமும் தீர்ந்துவிடுகிறது. இரண்டு வகையிலும் மனு முடிவுக்கு வருகிறது என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

அந்த ‘மற்ற எல்லாமும்’ என்ற இடத்தில் எழுந்து ஏதாவது கேட்கவேண்டும் என்று கண்ணாடிக்காரர் எண்ணியபோதுதான், இடது தோளில் ஒரு கனம் இறங்குவதை உணர்ந்தார். திரும்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். மனைவியின் தலை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இமைக்குள்ளே எதுவும் ஓடவில்லை.

அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

தலைவர் பேசிக்கொண்டே போனார். வாரியத்தின் புதிய கட்டடம், அதற்கு அடிக்கல் நாட்ட நாள் கிடைக்காதது, எல்லாம் சொன்னார். கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொற்பொழிவு முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். முடிந்துவிட்டது. “விழிப்பு தன் தரப்பைச் சொல்லலாம்” என்று தலைவர் உட்கார்ந்தார்.

மெலிதாக ஒரு குறட்டை கேட்டது.

பருத்த அதிகாரிதான் முதலில் கண்டுகொண்டார். “ஐயா, தூங்கிட்டாங்க.”

“யார் அனுமதி கொடுத்தது?” என்றார் தலைவர்.

எல்லார் கண்களும் பின்வரிசைக்குப் போயின. முணுமுணு அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையாட்டினார். ஒல்லியான அதிகாரி, ஐயாவைக் குளிர்விக்கலாம் என்று நினைத்து, “எல்லாம் ஐயாவோட பேச்சு மகிமைதான்” என்றார். சொன்ன பிறகுதான் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அவருக்கே உறைத்தது. எந்த மந்திரத்துக்கும் ஆகாத நாளில், வாரியத்தின் கூடத்திலேயே, தலைவர் வாயால் ஒருத்தி தூங்கிப்போயிருக்கிறாள். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பிரிவின் மின்விசிறி அந்தக் கணமே கழற்றப்பட்டுவிட்டது.

“எழுப்புங்க” என்றார் தலைவர்.

குமாஸ்தா எழுந்து வந்தார். கண்ணாடிக்காரர் உடம்பை அசைக்காமல் வலது கையை மட்டும் நீட்டித் தடுத்தார். அவருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்தப் படிகளில் ஏறி இறங்கி ஏதோ கொஞ்சம் மண்டையில் ஏறியிருந்தது.

“சார், எழுப்பறதுன்னா தூக்கத்தை விரட்டறதுதானே?” என்று கிசுகிசுத்தார். “அதுக்குத் தேய்பிறை வேணுமே. இன்னைக்கு நிலாவே இல்லையே.”

குமாஸ்தா நின்றுவிட்டார். திரும்பி மேடையைப் பார்த்தார். ஒல்லியான அதிகாரி அவசரமாக, “விரட்டறதுக்கு இன்னைக்கு நாள் இல்லைங்கய்யா, எங்க பிரிவு பொறுப்பேத்துக்காது” என்றார். அதையே விழிப்பை வரவழைப்பதாக எடுத்துக்கொண்டால் வளர்பிறை வேலை அல்லவா என்று தலைவர் அந்தப் பக்கம் திரும்பினார். “அதுக்கும் இன்னைக்கு நாள் இல்லைங்கய்யா” என்றார் பருத்தவர். வருஷக்கணக்கில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இனி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணை முடியாமல் தலைவர் எழ முடியாது. தலைவர் எழாமல் மற்றவர்கள் எழ முடியாது. அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, தூங்கும் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரரின் தோள் மரத்து, கை மரத்து, பிறகு அது தன்னுடைய தோளே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் அசையவில்லை. ஒருமுறை தெருவில் ஏதோ வண்டி ஊதியது. அவள் விரல்கள் லேசாகத் துடித்தன. அவர் தன் கையை அதன்மேல் வைத்தார். துடிப்பு அடங்கியது.

வெயில் சாய்ந்து கூடத்தின் கடைசி ஜன்னலுக்குப் போனபோது அவள் தானாகக் கண்ணைத் திறந்தாள். மேடையைப் பார்த்தாள், வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

“இவங்க எல்லாம் முழிச்சிட்டேவா இருந்தாங்க?”

“ஆமா. ஒருத்தர்கூட கண்ணைக் கொட்டல.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகல.”

அவள் சற்று யோசித்துவிட்டு, “பசிக்குதுங்க” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். வாரியம் விடவில்லை. அந்த வாரமே முணுமுணு அக்காவின் லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அனுமதியில்லாத மந்திரம் நடந்திருக்கிறது, கூடத்தில் மந்திரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது குற்றச்சாட்டு. கண்ணாடிக்காரரைத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேடைக்குரல் இல்லை. சாதாரண மனிதரைப் போலப் பேசினார்.

“உக்காருங்க. ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கணும். ஒண்ணு, அந்தம்மா யாருக்கும் தெரியாம சொல்லியிருக்கணும். இல்லன்னா, உங்க மனைவி தூங்கவே இல்ல. எதுன்னு நீங்க சொல்லணும்.”

“அக்கா வாயைத் திறக்கலைங்க. உங்க பேச்சைக் கேட்டுட்டுதான்...”

“அதை மட்டும் சொல்லாதீங்க.” தலைவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “எனக்கு மந்திரம்னா என்னன்னே தெரியாது. ஒண்ணுகூட தெரியாதுன்னுதான் என்னை இதுக்குத் தலைவரா போட்டாங்க. தெரிஞ்சவரா இருந்தா ஒருபக்கமா சாய்ஞ்சிடுவாராம். இப்ப போய் நான் ஒருத்தரைத் தூங்க வெச்சேன்னு வெளிய தெரிஞ்சா என் வேலை என்ன ஆகறது?”

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் தூங்கிய ஒரே தூக்கம். கண்ணாடிக்காரருக்குத் தோளில் அந்தக் கனம் இன்னும் இருப்பது போலிருந்தது. அது நடக்கவே இல்லை என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அக்காவும் பஸ் நிலையத்துக்குப் போவார்.

“அவ தூங்கல” என்றார்.

“நல்லா யோசிச்சுதானே சொல்றீங்க?”

“முழிச்சிட்டுதான் இருந்தா. கண்ணை மூடியிருந்தா, அவ்வளவுதான்.”

அப்படியே பதிவானது. அக்காவுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து அவர் சுவரில் மாட்டவில்லை, பெட்டியில் போட்டு மூடிவிட்டார் என்று தையற்கடைக்காரர் சொன்னார். மனு இன்னும் முடியவில்லை. வாரியத்தின் கணக்கில் கண்ணாடிக்காரரின் மனைவி அன்றும் இன்றும் விழித்துக்கொண்டே இருக்கிறாள். நாள் கிடைக்கும்வரை விழிப்பு அந்த விலாசத்தில்தான் இருக்கிறதா என்று அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்யவேண்டும் என்று உத்தரவு. இல்லையென்று தெரிந்தால் யார் தூங்கவைத்தது என்ற பழைய கேள்வி மறுபடி கிளம்பும், அக்கா மறுபடி வாரியத்தின் படியேற வேண்டியிருக்கும்.

வீட்டில் நிலைமை இப்படி: ராத்திரியில் அவளுக்கு இன்னும் தூக்கம் பிடிபடவில்லை. மத்தியானத்தில் சில நாள் பிடிபடுகிறது, சில நாள் இல்லை. கண்ணாடிக்காரர் கொட்டகைக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சாப்பிட்டானதும் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “நான் முழிச்சிட்டு இருக்கேன், நீ படு” என்பார். “கண்ணை மூட மாட்டீங்களே?” என்று கேட்பாள். “மாட்டேன்.” சில சமயம் அவள் சட்டென்று ஒரு கண்ணைத் திறந்து சோதித்துப் பார்ப்பாள். அவர் விழித்திருப்பார். திரும்பவும் மூடிக்கொள்வாள்.

அப்படியொரு மத்தியானம் கதவை யாரோ தட்டினார்கள். கண்ணாடிக்காரர் பாய்ந்து போய் இரண்டாவது தட்டு விழுவதற்குள் திறந்தார். வாசலில் அந்த மெலிந்த குமாஸ்தா, வெயிலில் நடந்து வந்த களைப்போடு, கக்கத்தில் கட்டுக் காகிதத்தோடு நின்றார்.

“வாரியத்திலேர்ந்து. விழிப்பு வீட்டுல இருக்கான்னு பாக்கணும்.”

உள்ளேயிருந்து, ஏறி இறங்கும் ஒரு மெல்லிய குறட்டை வாசல் வரைக்கும் வந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரரின் கண்களைப் பார்த்தார். அவை நன்றாகச் சிவந்து, அகலத் திறந்திருந்தன.

“இருக்கு சார்” என்றார் கண்ணாடிக்காரர். “கொஞ்சம் மெதுவா பேசுங்க.”

குமாஸ்தா தலையாட்டினார். காகிதத்தைச் சுவரில் வைத்து, பேனா கிரீச்சிடாமல், ‘இருக்கிறது’ என்று எழுதினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கிப் போனார்.